கப்பலுக்குள் நடந்தது யார்

மாமா பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தைப் பார்க்கத் தொடங்குவார். இறங்கும் இடம் வரும்வரை பார்வையை எடுக்க மாட்டார். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார், ஆனால் நகத்திடம்தான் சொல்வார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். சின்ன வயதில் அதில் ஏதோ தெரிகிறதாக்கும் என்று நினைத்து நானும் என் நகத்தைப் பார்த்திருக்கிறேன். பிறகு அம்மாதான் சொன்னாள்.

"அவனுக்கு வண்டி ஆடினா வயித்தப் புரட்டும்டா. ஆடாம இருக்கிற ஏதாவது ஒண்ணையே பார்த்துக்கிட்டிருந்தா கொஞ்சம் தாங்கும்."

"நகமும் சேர்ந்துதானம்மா ஆடுது?"

"அதை அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதே."

அப்படிப்பட்ட மனிதருக்குக் கிடைத்த வேலை, விண்வெளியில் கப்பல் ஓட்டுவது.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டார். எங்கள் வீட்டின் முன்னறை அவருடையது. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், துணி காயும் நாற்காலி ஒன்று. நாலைந்து வேலைகள் மாறியபின், தரை ஓடு விற்கும் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த அலுவலகத்தில் சேர்ந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நடத்தும் ஆன்லைன் விளையாட்டு. ஆளுக்கொரு கப்பல். அதில் ஏறி நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போகலாம், சரக்கு ஏற்றலாம், சண்டை போடலாம். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் விளையாடுகிறார்கள். அவர்கள் கைக்குப் போகும் முன், புதிதாகச் செய்த பகுதிகளை அரைகுறையாக இருக்கும்போதே விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக்கொடுப்பதுதான் மாமாவின் வேலை.

சொந்தக்காரர்களுக்கு இது புரியவே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா பந்தியிலேயே கேட்டார். "விளையாடுறதுக்குச் சம்பளமா? எங்க வீட்லயும் ஒருத்தன் சும்மா விளையாடிக்கிட்டுத்தான் இருக்கான், அவனையும் சேர்த்துக்கோயேன்."

"அனுப்புங்க அத்தான்," என்றார் மாமா. "ஒரே கதவை ஒரு வாரம் திறந்து திறந்து மூடச் சொல்றேன். வீட்டுக்கு வந்து தானா பாடப் புத்தகத்தை எடுப்பான்."

அவர் மிகைப்படுத்தவில்லை. அந்தத் தொழிலில் தப்பு ஒருமுறை நடந்தால் அது தப்பே இல்லை. மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். என்ன செய்தால் உடைகிறது என்று சொல்ல முடியாவிட்டால், "உன் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒரு கப்பல் சுவரில் மோதி மறுபக்கம் போய்விட்டால், அதே வேகத்தில், அதே கோணத்தில் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டே இருக்க வேண்டும். மறுநாள் காலை விளையாட்டின் புதிய வடிவம் ஒன்று வரும். நேற்று சரியாக இருந்தது இன்று உடைந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. மாலையில் மாமா வந்து செருப்பைக் கழற்றும்போது, செங்கல் சுமந்துவிட்டு வந்தவர் போல இருப்பார். "என்னடா, எத்தனை கிரகம் போய் வந்தே?" என்று அம்மா கேட்பாள். "எல்லாத்துக்கும் போனேன். எதுலயும் இறங்க விடலே," என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் விழுவார்.

கப்பலை ஓட்டுவதில் அவருக்குத் தொந்தரவு இல்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் எதிரே ஒரு நட்சத்திரம் அசையாமல் நிற்கும். அதையே பார்த்துக்கொண்டு ஓட்டிவிடுவார். தொந்தரவு, கப்பலுக்குள் எழுந்து நடக்கலாம் என்ற புதிய பகுதி வந்தபோது தொடங்கியது.

அதுவரை விளையாடுகிறவர் இருக்கையைவிட்டு எழ முடியாது. இனி ஒருவர் ஓட்ட, இன்னொருவர் உள்ளே அறை அறையாக நடக்கலாம். கேட்க நன்றாக இருந்தது. செய்து முடிக்காத நிலையில் அது பேய் பிடித்த வீடு மாதிரி இருந்தது. கப்பல் திரும்பினால் தரை வழுக்கிப் போகும். கப்பல் கிளம்பிவிடும், மேஜை நாற்காலியெல்லாம் பழைய இடத்திலேயே வெட்டவெளியில் மிதந்துகொண்டிருக்கும். ஒருமுறை மாமாவின் ஆளுடைய தலை மட்டும் சமையலறையில் இருந்தது, உடம்பு கப்பலுக்கு வெளியே இருந்தது. இத்தனைக்கும் நடுவில் கப்பல் உருண்டால் திரையும் சேர்ந்து உருளும். எது மேலே எது கீழே என்று தெரியாது. முதல் நாளே மாமா குப்பைக்கூடையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டி வந்தது.

அங்கே எல்லாருமே ஒப்பந்த ஆட்கள். டீம் லீடர் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்: "இந்த வேலை முடிஞ்சதும் பாதிப் பேரைத்தான் நிரந்தரமா எடுப்பாங்க. யார் பேர்ல என்ன தப்பு பிடிச்சிருக்குன்னு பார்த்துத்தான் எடுப்பாங்க." இருவர் இருவராகப் பிரித்தார்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் நடக்க வேண்டும், பாதி நாளில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுவது பழைய பகுதி. அதில் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. நடக்கிறவருக்குத்தான் தப்புகள் கிடைக்கும்.

மாமாவுக்கு ஜோடியாக வந்த பெண்ணைப் 'பாறை' என்று கூப்பிட்டார்கள்; மாமாவுக்கு அவர் பாறை அக்கா. எல்லாரும் தலை சுற்றி மேஜையில் சாய்ந்திருந்த அந்த முதல் வாரத்தில், உருளும் கப்பலுக்குள் நடந்துகொண்டே பிஸ்கட் சாப்பிட்டவர் அவர். முன்பு ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனியில் தையல் சரிபார்க்கும் வேலையில் இருந்தாராம். கணவர் வெளியூரில். வீட்டில் படுத்த படுக்கையாய் மாமனார், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். அந்த வேலை நிலைக்க வேண்டும் என்ற தேவை மாமாவைவிட அவருக்குத்தான் அதிகம். இதை மாமாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

குப்பைக்கூடையோடு உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து அவர் சொன்னது:

"எந்திரி தம்பி. நீ என் சீட்ல உக்காந்து ஓட்டு. உன் சீட்ல நான் நடக்கிறேன்."

"உங்க முறையிலயும் நீங்கதானே நடக்கணும்? நாள் முழுக்க நடப்பீங்களா?"

"வீட்ல மாமனாரைத் தூக்கி நிறுத்துறதைவிட இது லேசுதான். அதுக்குப் பதிலா எனக்கு எழுதிக் குடு. இங்கிலீஷ்ல நாலு வரி எழுதறதுக்குள்ள எனக்குத் தாவு தீருது."

அப்படித்தான் அது தொடங்கியது. மாமாவின் முறை வரும்போது இருவரும் நாற்காலி மாறிக்கொள்வார்கள். மாமாவின் பெயரில் அக்கா நடப்பார், அக்காவின் பெயரில் மாமா ஓட்டுவார். கண்டுபிடித்ததை அக்கா சொல்லச் சொல்ல, இருவர் பெயரிலும் மாமாவே எழுதுவார். ஒருவர் பெயரில் இன்னொருவர் உள்ளே நுழைந்தால் இருவருக்கும் வேலை போகும் என்று தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டியிருந்தது. அதன் அடியில் நின்றுதான் இருவரும் தண்ணீர் குடித்தார்கள்.

எனக்கு இது தெரிய வந்தது விளையாட்டுக்குள்ளேயே. புதிய பகுதிகளை வெளியாட்களும் சோதித்துப் பார்க்கத் தனி சர்வர் ஒன்று வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் அங்கே சேர்த்ததெல்லாம் அடுத்த வடிவம் வரும்போது அழிந்துவிடும். கல்லூரி விட்டு வந்ததும் நான் முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதில் நுழைவேன். மாமாவின் கப்பலில் ஏறிக்கொள்வேன். விளையாட்டுக்குள் மாமா நடந்தால் எப்படி இருக்கும் என்று முதல் வாரத்தில் பார்த்திருக்கிறேன். கழுத்தைத் திருப்பாமல், எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, சுளுக்குப் பிடித்தவர் மாதிரி போவார். அன்று மாமாவின் பெயரைத் தலைக்குமேல் தாங்கிக்கொண்டு வந்த ஆள் ஒவ்வொரு மூலையிலும் குனிந்து பார்த்தது. மேஜைக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. கதவருகே எனக்கு வழிவிட்டு நின்றது. எங்கள் மாமா யாருக்கும் வழிவிடுகிறவர் இல்லை.

சாயங்காலம் கேட்டேன். "மாமா, இன்னிக்கு உங்களுக்குள்ள யாரு இருந்தா?"

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டு, "கத்தாதே மாப்ள," என்று எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தச் சமயத்தில் சோதனை சர்வரில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. எல்லாரும் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரே நொடியில் அத்தனை பேரும் வெளியே தள்ளப்படுவார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுபடி நடத்திக் காட்டவும் முடியவில்லை. அதைப் பிடிக்காமல் இந்தப் பகுதியை வெளியிட முடியாது என்று கம்பெனிக்காரர்கள் தலையில் கை வைத்திருந்தார்கள்.

பிடித்தது பாறை அக்கா. கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நொடியில் ஒருவர் சரியாக நிலைப்படியில் நிற்க வேண்டும். இந்த அறையிலும் இல்லை, அந்த அறையிலும் இல்லை. அவரை எந்த அறையில் சேர்ப்பது என்று சர்வர் தன்னையே கேட்டுக்கொண்டு நின்று, அப்படியே படுத்துவிடும். அறைக்குள் நின்று நின்று சலித்துப்போய், தையல் எப்போதும் இணைப்பில்தானே விடும் என்று நினைத்து நிலைப்படியில் நின்று பார்த்தாராம். உடைந்தது. மறுபடி நின்றார். மறுபடி உடைந்தது.

அது மாமாவின் முறை. அக்கா நின்றது மாமாவின் பெயரில்.

அடுத்த நாள் டீம் லீடர் மாமாவின் முதுகில் தட்டினார். வெளிநாட்டுக்காரர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை மாமாவே செய்துகாட்ட வேண்டும் என்றார். வேறு வழியில்லை. அக்கா ஓட்டினார், மாமா நடந்தார். கப்பல் உருள உருளச் சுவரைப் பிடித்துப் பிடித்து நிலைப்படிக்குப் போய் நின்றார். சர்வர் விழுந்தது. எல்லாரும் கை தட்டும்போது மாமா கழிவறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்த டீம் லீடர், "காய்ச்சலோட வந்து செஞ்சிருக்கார்," என்று வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கே தெரியாத நிலைமையில நின்னேன்டா."

அந்தப் பகுதி வெளியானது. கம்பெனி இணையதளத்தில் போட்ட வெளியீட்டுக் குறிப்பில், கதவுத் தப்பைக் கண்டுபிடித்தவர் என்று மாமாவின் விளையாட்டுப் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். விளையாடுகிறவர்கள் நிலைப்படியில் நின்று படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினார்கள். மாமா நிரந்தரமானார். பாறை அக்காவின் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

நிரந்தரமாகிறவர்கள் பட்டியல் இறுதியாவதற்கு முன் மாமா அக்காவிடம் போய், "நான் சொல்லிடறேன் அக்கா," என்றாராம். அக்கா தண்ணீர் கேனுக்கு மேலே கையைக் காட்டினார். "சொன்னா ரெண்டு பேருக்கும் போச்சு. ஒருத்தருக்காவது இருக்கட்டும். எனக்கு வேற இடம் கிடைக்கும்." மாமா சரி என்றார். இதை என்னிடம் சொன்னபோது, "அவங்க மட்டும் 'சொல்லு'ன்னு சொல்லியிருந்தா நிச்சயமாச் சொல்லியிருப்பேன்," என்றார். பிறகு, "சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்," என்று திருத்தினார்.

அதற்குப் பிறகு நாற்காலி மாற்றிக்கொள்ள யாரும் இல்லை. மாமா தானே நடந்தார். காலையில் மாத்திரை போட்டுக்கொள்வார், சட்டைப் பையில் பாதி எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டார். இடுப்பில் பெல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட்டார். "எதுக்குடா இந்தப் பாடு, வேற வேலை பார்க்கக் கூடாதா?" என்று அம்மா கேட்டாள். "இது ரெண்டு பேர் வேலை, அக்கா. சட்டுனு விட முடியாது," என்றார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் அதனால் பாறை அக்காவுக்கு என்ன பயன் என்று விளங்கவில்லை.

நான் அந்த வருடம்தான் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். சட்டம் போட்டு மாட்டியாயிற்று. அதில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற கால்வலியோ, முதல் ஆண்டில் நான் திணறியபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த நண்பனோ அதில் வர முடியாது. அப்படி எழுத இடம் கிடையாது. மாமாவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து நான் முட்டிக்கொள்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு எவ்வளவு உரிமை என்று தெரியவில்லை. ஆனாலும் அம்மா ஒருநாளும் தன் பங்கைக் கேட்டு வந்ததில்லை. பாறை அக்கா கேட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவின் போன் அடித்தது. அவர் சவரம் செய்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, நான்தான் பாறை."

"சொல்லுங்கக்கா. மாமனார் எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன, என்னைவிடத் தெம்பா இருக்கார். ஒரு விஷயம். வேற ஒரு கேம் கம்பெனியில நேர்காணலுக்குப் போயிருந்தேன். நீ இதுவரைக்கும் பிடிச்சதுல பெருசு எதுன்னு கேட்டாங்க. கதவைப் பத்திச் சொன்னேன். அது வேற யாரோ பிடிச்சதுன்னு போட்டிருக்கேங்கிறாங்க. உன் நம்பரைக் குடுத்திருக்கேன். கூப்பிடுவாங்க."

மாமா கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ பெருசா ஒண்ணும் பேச வேணாம். கதவுல நின்னது யாருன்னு கேட்டா, நான்னு சொல்லு. அவங்களுக்கு அவ்வளவுதான் தெரியணும். அங்க நிரந்தரமாவே எடுக்கறாங்க தம்பி."

"சொல்லிடறேன் அக்கா. இதுக்கு நீங்க கேக்கவே வேணாம்."

பாதி முகத்தில் நுரையோடு மாமா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தக் கம்பெனியில எங்க லீடரோட பழைய சிநேகிதன் ஒருத்தன் இருக்கான்," என்றார், என்னிடமா கண்ணாடியிடமா என்று தெரியவில்லை.

"அதனால?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்."

இரண்டு மூன்று நாள் மாமா போன் அடித்தாலே நிமிர்ந்து உட்கார்ந்தார். அழைப்பு வந்தபோது நான் முன்னறையில்தான் இருந்தேன். மாமா ஆங்கிலத்தில் பேசினார். நிதானமாக, அறிக்கை எழுதுவது போலவே பேசினார். ஆமாம், அவர் என்னோடு வேலை பார்த்தார். மிகவும் பொறுமைசாலி. ஆமாம், நாங்கள் ஒரே ஜோடி. பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். மாமா சன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அதை நாங்கள் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம்," என்றார்.

மறுபடி கேட்டார்கள் போலிருக்கிறது. "சேர்ந்துதான்," என்று மறுபடியும் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அவரே ஆரம்பித்தார்.

"பொய் இல்லையே மாப்ள. ஓட்டினது நான், எழுதினது நான். நான் எழுதலேன்னா அது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தே இருக்காது."

"கதவுல நின்னது யாருன்னுதானே மாமா கேட்டாங்க?"

"பாதியாவது சொன்னேன்ல."

"பாதிக்கு வேலை குடுப்பாங்களா?"

மாமா எழுந்தார். காய்ந்த துணிகளை நாற்காலியிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடிக்கத் தெரியாதவர். சட்டையை நாலாக மடித்துப் பிரித்து, மறுபடி நாலாக மடித்தார்.

கொடுக்கவில்லை. உதவியாக இருந்தவராகத் தெரிகிறது, நாங்கள் தேடுவது தானாகக் கண்டுபிடிக்கக் கூடியவரை என்று எழுதியிருந்தார்களாம். இதைச் சொல்ல அக்கா மாமாவைக் கூப்பிட்டபோது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாமாவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல தம்பி. சேர்ந்துதானே உக்காந்திருந்தோம்," என்றார். பாட்டில் தயாரிக்கும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாகவும், விளக்குக்கு முன்னால் ஓடும் பாட்டில்களில் கீறல் பார்க்கும் வேலை என்றும் சொன்னார். "இங்க தலையெல்லாம் சுத்தாது. கண்ணுதான் போகும்." பிறகு கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு. அங்க நின்னது நான்தான்னு யாராவது ஒருத்தர்கிட்டயாவது என்னிக்காவது சொல்லிடு. வேலைக்காக இல்ல. என் பொண்ணு அந்த விளையாட்டை விளையாடறா. கதவுல வந்து நின்னு, இதைக் கண்டுபிடிச்சது யாரும்மான்னு கேக்கறா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. உன் பேர்தான் போட்டிருக்காம்."

"சொல்றேன் அக்கா," என்றார் மாமா.

போன வருடம் அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். அந்த வேலை முழுவதும் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. டீம் லீடர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது, தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டியிருந்த காகிதமும் இல்லை. இனி யாருடைய வேலையும் போகாது. மாமா ஒரு கூரியர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், மதியம் சாப்பிடுகிறார், கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். வெளியீட்டுக் குறிப்புக்குக் கீழே யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாமாவின் விளையாட்டுக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு வரி போதும். அக்காவின் பெண் படித்துக்கொள்வாள்.

நானே எழுதியிருக்கலாம். என் பெயரில் எழுதினால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டேன். அது சரியான காரணமா என்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற வாரம் மாமா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தபோது பின்னால் போய் நின்றேன். அந்தக் குறிப்பு இருந்த பக்கம்தான் திறந்திருந்தது. விசைப்பலகையில் கை இருந்தது.

"எழுதுங்க மாமா."

"எப்படி ஆரம்பிக்கறதுன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

"அன்னிக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதினவர் நீங்கதானே."

"அப்போ அவங்க பக்கத்துல உக்காந்து சொன்னாங்கடா. நான் எழுதினேன்."

சாப்பிட வரச்சொல்லி அம்மா கூப்பிட்டாள். மாமா எழுந்து போனார். அந்தக் குறிப்பின் கீழ் இன்று காலையும் போய்ப் பார்த்தேன். அவர் எழுதவில்லை.